படிக்கட்டில் ஒரு கோடு: வெள்ள முன்னேற்பாடு, வாசகர் கேள்வி-பதில்

கொங்கு நாட்டுக்கு வெள்ளம் இரண்டு தவணையாக வரும். ஆடி, ஆவணியில் குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியிலும் பெய்யும் மழை, இங்கே ஒரு சொட்டு விழாத நாளில்கூட காவிரியையும் பவானியையும் ஏற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் உள்ளூர் மழை நொய்யலையும் பள்ளங்களையும் ஒரே ராத்திரியில் நிரப்பிவிடும். முன்னது சொல்லிவிட்டு வருகிறது, பின்னது சொல்லாமல் வருகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

எங்க வீடு ஆத்தோரங்க. டிவியில "மேட்டூரிலிருந்து 1 லட்சத்து 25 ஆயிரம் கன அடி திறப்பு"ன்னு ஓடுது. அது எங்க வாசலுக்கு வருமா, வராதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எப்பக் கிளம்பறது?
*- வாசகி, பள்ளிபாளையம்*

கன அடி உயரக் கணக்கு இல்லை, ஓட்டக் கணக்கு. ஒரு கன அடி என்றால் வினாடிக்குச் சுமார் 28 லிட்டர். 1 லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடித் தண்ணீர்). மேட்டூர் அணையின் மொத்தக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். 120 அடி நிரம்பி நிற்கும் அணையால் அதற்கு மேல் பிடித்துவைக்க முடியாது. வருவதை அப்படியே 16 கண் மதகு வழியாக இறக்கிவிட வேண்டியதுதான். வழியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். அவை மின்சாரத்துக்காகக் கட்டியவை, வெள்ளத்தைத் தேக்க அவற்றில் இடமில்லை.

பள்ளிபாளையத்துக்கும் எதிர்க்கரைக் கருங்கல்பாளையத்துக்கும் மேட்டூர்க் கணக்கு மட்டும் போதாது. உங்களுக்கு மேலே கூடுதுறையில் பவானி கலந்துவிடுகிறது. ஆகவே பவானிசாகரிலிருந்து ஆற்றில் விடும் அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். வாய்க்காலில் விடுவதைக் கூட்ட வேண்டாம். பவானிசாகரின் முழு உயரம் 105 அடி என்றாலும், அக்டோபர் வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை. "அணை இன்னும் நிரம்பவில்லையே, எதற்குத் திறக்கிறார்கள்" என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

இந்தக் கூட்டுத் தொகையை உங்கள் வாசலோடு முடிச்சுப் போடுவதுதான் உண்மையான வேலை. அதை எந்த அலுவலகமும் உங்களுக்குச் செய்து தர முடியாது. தெருமுனைச் சுவர், பாலத்தூண், படித்துறை என்று எல்லோர் கண்ணிலும் படும் ஓர் இடத்தில், ஒவ்வொரு முறை தண்ணீர் வரும்போதும் அது தொட்ட உயரத்தில் பெயின்ட்டால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியையும் அன்றைய கூட்டுத் தொகையையும் எழுதுங்கள். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது தண்ணீர் எங்கே நின்றது என்று தெருப் பெரியவர்களைக் கேட்டால் கை வைத்துக் காட்டிவிடுவார்கள். அதுதான் உங்கள் முதல் கோடு. இரண்டு மூன்று கோடு சேர்ந்ததும் டிவியில் ஓடும் எண் உங்கள் படிக்கட்டில் எத்தனையாவது படி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தொகை இரண்டு மடங்கானால் உயரமும் இரண்டு மடங்காகாது. ஆறு கரைக்குள் ஓடும்வரை மளமளவென்று ஏறும். கரை தாண்டியதும் ஏற்றம் மெதுவாகும், ஆனால் தெருத் தெருவாகப் பரவும். புதுப் பாலமோ தடுப்புச் சுவரோ வந்தால் பழைய கோடுகளை அப்படியே நம்பக் கூடாது.

எப்போது கிளம்புவது என்பதை வெள்ளத்தன்று யோசிக்கக் கூடாது. இப்போதே மூன்று அளவு குறித்துவையுங்கள்: இந்த எண் வந்தால் சாமான் மேலே ஏறும், இந்த எண் வந்தால் வயசானவர்களும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கிளம்புவார்கள், இந்த எண் வந்தால் வீட்டைப் பூட்டுவோம். சாயங்காலம் 5 மணி நிலவரப்படி இரண்டாவது எண் நெருங்கியிருந்தால் இருட்டுவதற்கு முன்பே மூன்றாவதையும் செய்துவிடுங்கள். ராத்திரியில் கூடுதலாகத் திறப்பார்களா என்று காத்திருப்பது சூதாட்டம்.

இன்னொன்று, தாழ்வான தெருக்களில் தண்ணீர் முதலில் ஆற்றுப் பக்கமிருந்து வராது, சாக்கடை வழியாகத்தான் எதிர்த்து ஏறும். கழிவறையில் தண்ணீர் குமிழியிட்டால் அதுவே முதல் மணி. ஒரு சாக்கில் பாதிக்கு மேல் போகாமல் மணல் நிரப்பிக் கழிவறைக் கோப்பையின் வாயில் அழுத்தி வையுங்கள். முழுக்க நிரப்பிய மூட்டை உருண்டை பிடித்து ஓரங்களில் சந்து விடும், பாதி நிரம்பியதுதான் இடத்துக்குத் தக்கபடி படியும்.

மழையே இல்லாத நாளில் பவானியில் குளித்துக்கொண்டிருப்பவர்களை எப்படித் தண்ணீர் திடீரென்று இழுத்துப் போகிறது?
*- வாசகர், மேட்டுப்பாளையம்*

மேலே இருக்கும் பில்லூர் அணை சிறியது, முழு உயரம் 100 அடி. 97 அடியைத் தொட்டதும் உபரியைத் திறந்துவிடுவார்கள். அதற்குத் தண்ணீர் தருவது குந்தா, அவலாஞ்சி, அப்பர்பவானி மலைகள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அன்று மேட்டுப்பாளையத்தில் நின்று வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணித்திருக்க முடியாது. வெள்ளமே இல்லாத நாளிலும் மின் உற்பத்திக்காக இயந்திரத்தை ஓட்டினால் ஆறு ஏறும்.

ஆற்றில் இறங்கியதும் தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லை வையுங்கள். கல் நனைந்தால் கிளம்புங்கள், விவாதம் வேண்டாம். தெளிந்த தண்ணீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலே இரைச்சல் கூடுவது, சைரன் என்று எது வந்தாலும் அதே கணக்குத்தான். ஓடிப் போய் நடு ஆற்றுப் பாறையில் ஏறிக்கொள்வதுதான் பலர் செய்யும் தப்பு. அது ஐந்து நிமிடத்துக்குப் பாதுகாப்பு, பிறகு தீவு. செருப்பையும் செல்போனையும் விட்டுவிட்டு இறங்கிய கரைக்கே திரும்புங்கள்.

எங்க தறிக்குடோன் தாழ்வான இடத்துல இருக்கு. எட்டுத் தறி. வெள்ளம் வருதுன்னா எதை முதல்ல தூக்கணும்? நனைஞ்ச மோட்டாரைக் காய வெச்சு ஓட்டலாமுங்களா?
*- வாசகர், குமாரபாளையம்*

தறி இரும்பு, நனைந்தாலும் கழுவிவிடலாம். மோட்டாரும் நூலும்தான் பணம்.

முதலில் மெயினை அணையுங்கள். பீஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு யாராவது அவசரத்தில் மெயினைப் போட்டுவிடாமல் இருக்க அதுதான் பூட்டு. தரையில் ஏற்கெனவே தண்ணீர் நின்றால் போர்டுப் பக்கமே போக வேண்டாம், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏறும் நூல். கஞ்சி போட்ட பாவு நனைந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும், திரும்ப ஏற்ற முடியாது. பாவு சுற்றிய பீமைப் பரண்மேல் ஏற்ற ஆள் வேண்டும். ஆகவே ஆள் இருக்கும்போதே, அதாவது அவரவர் வீட்டைப் பார்க்க ஓடுவதற்கு முன்பே, அதை முடித்துவிடுங்கள். தறியில் ஏற்கெனவே பூட்டிய பாவை அறுத்து எடுப்பதா விடுவதா என்பது மிச்சம் எத்தனை மீட்டர் என்பதைப் பொறுத்தது. குறுக்கே ஓடும் ஊடை நூல் பைகளைக் கடைசியாகத் தூக்கலாம், ஒரு பையன் போதும்.

மோட்டார்: பெல்ட்டைக் கழற்றி, அடி போல்ட் நான்கையும் உருவினால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். வெள்ளத்தன்று அந்த போல்ட் துருப்பிடித்து அசையாது, அதுதான் எப்போதும் நடப்பது. வைகாசியிலேயே ஒருமுறை கழற்றிக் கிரீஸ் போட்டு முடுக்கிவையுங்கள். ஒவ்வொரு மோட்டாரிலும் தறி எண்ணை எழுதுங்கள். வயர் முனைகளில் இன்சுலேஷன் டேப்பில் குறி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது தறி எதிர்ப்பக்கம் சுற்றும். தூக்க முடியாத தண்டுகளுக்கும் பல்சக்கரங்களுக்கும் கிரீஸை வழியவழியப் பூசிவிட்டுப் போங்கள்.

நனைந்த மோட்டாரைக் காய வைத்து ஓட்டலாம், ஆனால் வெயிலில் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டு அல்ல. மேல்பக்கம் காய்ந்திருக்கும், சுற்றுக் கம்பிகளுக்கு நடுவே சேறும் ஈரமும் இருக்கும். சுவிட்சைப் போட்டால் கருகும், அல்லது பாடிக்குக் கரண்ட் வந்து ஆளை அடிக்கும். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, நல்ல தண்ணீரால் சேறு போகக் கழுவி, வெயிலில் ஒரு நாள் காயவிட்டு, பிறகு ஒரு பெட்டிக்குள் வைத்துக் குண்டு பல்பு எரியவிட்டு இன்னும் ஒன்றிரண்டு நாள் வாட்டுங்கள். எலக்ட்ரீஷியனிடம் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் இருக்கும். சுற்றுக்கும் பாடிக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் இணைக்கக் கூடாது, 5-ஐத் தாண்டினால் நிம்மதி. பேரிங்கை மாற்றிவிடுங்கள். நனைந்த எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., கெப்பாசிட்டர் எதையும் காயவைத்துப் பயன்படுத்த வேண்டாம், புதிது போடுங்கள். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் அந்த ஆர்.சி.சி.பி.தான் அடுத்த முறை உங்கள் உயிரைக் காக்கப்போவது, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர்தான் ஓடுகிறது. மெதுவாக வண்டியில் போனால் என்ன?
*- வாசகர், திருப்பூர்*

அந்த "தான்" வேண்டாம். ஒரு சிறிய கார் 4 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். ஓர் அடித் தண்ணீரில், தரை இடைவெளி போக, சுமார் 13 சென்டிமீட்டர் அதன் அடிப்பாகம் மூழ்கும். அப்போது தண்ணீர் அதை மேலே தூக்கும் விசை 800 கிலோவுக்கு மேல். சிறிய காரின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். டயர் தரையில் பட்டும் படாமலும் நிற்க, பக்கவாட்டில் ஓடும் தண்ணீர் தள்ளுகிறது. இரண்டு அடித் தண்ணீர் பெரும்பாலான வண்டிகளைக் கொண்டுபோய்விடும். வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீர் நடந்து போகும் ஆளையே சாய்க்கும், ஏனென்றால் ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. கலங்கல் தண்ணீருக்கு அடியில் பாலத்தின் தளம் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது.

கோவையில் அவினாசி சாலை மேம்பாலத்துக்குக் கீழேயும் லங்கா கார்னரிலும் தேங்குவது வேறு வகை. அங்கே இழுப்பு இல்லை, ஆழம்தான் ஆபத்து. மாட்டிக்கொண்டால் வண்டி நின்ற உடனே கண்ணாடியை இறக்கிவிடுங்கள், மின்சாரம் இன்னும் சில நிமிடம் வேலை செய்யும். கதவின் அடியிலிருந்து இரண்டு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கதவின்மேல் சுமார் 180 கிலோ அழுத்தம் இருக்கும், உள்ளிருந்து திறக்க முடியாது. சீட்டின் தலையணைக் கம்பியைப் பிடுங்கிப் பக்கக் கண்ணாடியின் மூலையில் குத்துங்கள். முன் கண்ணாடி ஒட்டுக் கண்ணாடி, விரிசல் விடுமே தவிர உடைந்து வழி விடாது.

தண்ணீர் வடிந்தபின் ஒரு வேலை: ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதில் முட்டி இணைப்புத் தண்டு வளைந்துவிடும். காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் "ஸ்டார்ட் பண்ணீங்களா" என்பதுதான். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு போங்கள்.

எங்க ஊர் இளைஞர்கள் பத்துப் பேர் மீட்புக் குழு ஆரம்பிச்சிருக்கோம். எல்லாருக்கும் நல்லா நீச்சல் தெரியும். என்னென்ன வாங்கணும்?
*- வாசகர்கள், கொடுமுடி*

நீச்சல் தெரியும் என்பதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. கிணற்று நீச்சல் வேறு, ஓடும் ஆறு வேறு. முங்கியவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவது ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. வரிசையை மனதில் வையுங்கள்: கூப்பிட்டுச் சொல், கழியை நீட்டு, கயிறு வீசு, படகில் போ. இறங்கி நீந்துவது இந்த நான்கும் முடியாதபோது, பயிற்சி பெற்றவருக்கு மட்டும்.

அதனால் கயிற்றிலிருந்து ஆரம்பியுங்கள். மிதக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு, 8 முதல் 10 மில்லிமீட்டர் கனம், 15 முதல் 20 மீட்டர் நீளம், ஆறு துண்டு. நைலான் முழுகும், முழுகிய கயிறு பாறையில் சிக்கும். கடையிலேயே ஒரு முழம் வாங்கி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனித் துணிப்பையில், சுருட்டாமல், கைக்கு வந்தபடி திணித்து அடையுங்கள். சுருட்டி வைத்தால் வீசும்போது சிக்கும், திணித்தது மட்டுமே தடையில்லாமல் உருவி வரும். பையின் அடியில் ஒரு துண்டு தெர்மாக்கோல் வையுங்கள். பையின் வாய்வழியே வெளியே விட்ட முனை உங்கள் கையில், பை அவரை நோக்கிப் பறக்க வேண்டும். அவர் உங்களுக்கு நேராக வருவதற்குச் சற்று முன்பே பெயர் சொல்லியோ "கயிறு" என்று கத்தியோ அவரைத் திரும்பிப் பார்க்கவைத்து, தலைக்கு மேலாகத் தாண்டிப் போகும்படி வீசுங்கள். கயிறு அவர் தோள்மேல் விழ வேண்டும். உடனே உட்கார்ந்து காலை ஊன்றிக்கொள்ளுங்கள். கயிற்றை இழுக்க வேண்டாம், பிடித்தாலே போதும், ஓட்டமே அவரைக் கடிகாரப் பெண்டுலம் போலக் கரைக்குக் கொண்டுவந்துவிடும். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மாதம் ஒரு ஞாயிறு, வாய்க்கால் கரையில் ஒரு காலிக் குடத்தை மிதக்கவிட்டு ஆளுக்குப் பத்து வீச்சு பழகுங்கள். முதல் நாள் பத்தில் இரண்டு பட்டால் அதிகம்.

இடுப்பில் கயிறு கட்டி ஆளை இறக்குவதை நிறுத்துங்கள். கரையில் நிற்பவர்கள் பிடித்து நிறுத்தியதும், ஓட்டம் அவரை மடக்கித் தண்ணீருக்கு அடியில் அழுத்தும். இழுக்க இழுக்க இன்னும் அழுத்தும். ஆற்றுக்குக் குறுக்கே செங்குத்தாகக் கயிறு கட்டுவதும் அப்படியே: நடுவில் தொய்ந்து, பிடித்தவர் அங்கேயே சிக்கிக்கொள்வார். கட்டியே ஆக வேண்டுமென்றால் சாய்வாக, மேல்கரையிலிருந்து எதிர்க்கரையின் கீழ்ப்பக்கம் நோக்கிக் கட்டுங்கள்.

கரையிலிருந்து பத்தடிக்குள் நிற்கும் எல்லோருக்கும் உயிர்காப்பு உடை வேண்டும், தலைவருக்கும் சேர்த்து. காலிடைப் பட்டை உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் உடை மேலே ஏறிக் கழுத்தை நெரிக்கும். காசு பற்றாத இடத்தில் கேன். மூடி இறுகிய காலி கேன் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். தலையைத் தண்ணீருக்கு மேலே வைக்க ஆறேழு கிலோ மிதப்பு போதும், ஆகவே ஒரு பத்து லிட்டர் எண்ணெய் கேன் ஒருவருக்குத் தாராளம். கிணற்றில் நீச்சல் பழக முதுகில் கட்டிய சுரைப்புருடையின் கணக்கும் இதேதான்.

பத்துப் பேரில் எல்லோரும் மீட்கப் போகக் கூடாது. ஒருவர் ஆற்றின் மேல்போக்கில் 50 மீட்டர் தள்ளி நின்று மிதந்து வரும் மரத்தையும் முள்ளையும் பார்ப்பார். இரண்டு பேர் கீழ்ப்போக்கில் கயிற்றுப் பையோடு நிற்பார்கள், முதல் வீச்சு தவறினால் பிடிக்க. இரைச்சலில் பேச்சு கேட்காது, ஆளுக்கொரு விசில் வேண்டும்: ஒரு ஊதல் என்றால் நில், இரண்டு என்றால் மேலே பார், மூன்று என்றால் கீழே பார், மூன்று மூன்றாக விடாமல் ஊதினால் ஆபத்து.

தடுப்பணைக்கும் கதவணைக்கும் கீழே யாரும் இறங்கவே கூடாது. கொடிவேரித் தடுப்பணையில் தண்ணீர் கூடினால் ஆட்களை விடாமல் உடனே மூடுவது சும்மா இல்லை. விழுந்த தண்ணீர் அடியில் சுழன்று திரும்ப அணையை நோக்கியே வரும். உள்ளே போனவரைச் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வைத்திருக்கும், உயிர்காப்பு உடையும் அங்கே உதவாது. பரிசலுக்குத் தடை போட்ட நாளில் பரிசல் எடுக்காதீர்கள். எத்தனை வருஷப் பரிசல்காரராக இருந்தாலும் வட்டப் பரிசலுக்கு முகப்பு இல்லை, சுழலில் திருப்ப முடியாது.

கரையேற்றியவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலை, வாந்தி மூச்சுக்குழலில் போகும். மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைச் சாய்த்து மோவாயைத் தூக்கி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் அமுங்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. 108 வரும்வரை நிறுத்தாதீர்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். இதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. உங்கள் தீயணைப்பு நிலையத்தில் பெயர் கொடுத்துப் பயிற்சி கேளுங்கள். ஆப்த மித்ரா என்ற பேரிடர் உதவித் திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு இதே பயிற்சிதான். பதிவு செய்த குழுவைத்தான் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 கூப்பிடும்.

அமராவதிக் கரையில் தோட்டம். நாலு எருமை, ரெண்டு காங்கேயம் மாடு, ஒரு பட்டி ஆடு. ராத்திரி தண்ணி வந்தா என்ன பண்றதுங்க?
*- வாசகர், தாராபுரம்*

மாடும் எருமையும் நீந்தும். கட்டுத்தறியில் கட்டிய மாடுதான் சாகும். மழைக்காலம் முழுக்க ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சுப் போடுங்கள், இருட்டில் நனைந்த கயிற்றை அவிழ்க்க முடியாது. கொம்புக் கயிற்றை அறுக்க ஓர் அரிவாள் கட்டுத்தறியிலேயே செருகியிருக்கட்டும். ஆடு அப்படியில்லை, இழுப்பில் நிற்காது. அமராவதி அணை 90 அடி. அது நிரம்பும் நிலைக்கு வந்து உபரி திறக்கப்போவதாகச் செய்தி வந்த அன்றே பட்டியை மேட்டுக்காட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ சோளத்தட்டு என்று ஒரு வாரத்துக்கு மேட்டில் போர் போட்டுவையுங்கள். தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் ஊசி மழைக்கு முன்பே போட வேண்டும், போட்ட மறுநாளே பலன் வராது. கால்நடை ஆம்புலன்ஸ் 1962.

நீங்கள் கேட்காத ஒன்று. நம் பக்கத்துக் கிணறுகளுக்குப் பல இடத்தில் சுற்றுச்சுவர் கிடையாது, தரையோடு தரையாக இருக்கும். காட்டில் இரண்டடித் தண்ணீர் பரவினால் கிணறு எங்கே, வரப்பு எங்கே என்று தெரியாது. மாடு தேடிப் போனவரும் மீட்க வந்தவரும் இப்படித்தான் உள்ளே போவார்கள். நான்கு மூலையிலும் பத்தடி மூங்கில் நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டிவையுங்கள். ஒரு மணி நேர வேலை.

வெள்ளம் வடிஞ்ச பிறகு கிணத்துக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடணும்?
*- வாசகி, கொடுமுடி*

சாதாரணக் கணக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், புதிய பவுடராக இருந்தால். 30-க்கு 30 அடிக் கிணற்றில் 20 அடித் தண்ணீர் என்றால் சுமார் 5 லட்சம் லிட்டர், பவுடர் ஒன்றேகால் கிலோ. ஆனால் வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு பற்றாது, கலங்கல் தண்ணீர் குளோரினை விழுங்கிவிடும். ஆகவே எங்கள் யோசனை: கிணற்றை இறைத்துச் சேற்றை எடுங்கள், அது தெளியும்வரை குடிக்கும் தண்ணீரை மட்டும் தொட்டியில் சுத்தம் செய்யுங்கள். தேற்றாங்கொட்டையை உரைத்தோ படிகாரத்தைச் சுழற்றியோ தெளியவைத்து, மேல் தண்ணீரை 1,000 லிட்டர் தொட்டிக்கு ஏற்றுங்கள். அரை டீஸ்பூன் பவுடரை ஒரு வாளியில் குழைத்துப் பத்து நிமிடம் படியவிட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள், சுண்ணாம்பு வண்டல் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து லேசாகக் குளோரின் வாசம் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அதே அளவு இன்னொரு முறை. திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும்.

நொய்யல் தண்ணீர் புகுந்த கிணறு என்றால் இது எதுவும் பயன்படாது. கொதிக்கவைத்தாலும் குளோரின் போட்டாலும் கிருமி சாகுமே தவிர சாயக்கழிவு போகாது. லாரித் தண்ணீர்தான்.

முகாமுக்குப் போனால் என்ன எடுத்துப் போவது?
*- வாசகி, பவானி*

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில். ஏழு நாள் மாத்திரை, சீட்டோடு. இன்சுலின் போடுபவர்கள் ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானையில் வைத்து எடுத்துப் போகலாம். நாப்கின், மூக்குக் கண்ணாடி, டார்ச். காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டு, சிலிண்டரைச் சன்னல் கம்பியில் சங்கிலியால் கட்டிவிட்டு வாருங்கள். பாதி காலியான சிலிண்டர் மிதந்து போய் அடுத்த தெருவில் கசியும்.

எங்க வார்டுக்குக் கல்யாண மண்டபத்தை முகாமா எடுக்கறோம். எத்தனை பேர் தங்கலாம்?
*- ஊராட்சி உறுப்பினர், கரூர் மாவட்டம்*

ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். 60-க்கு 40 அடிக் கூடத்தில் 63 பேர். நூற்றைம்பது பேரை அடைத்தால் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கும் சண்டையும் சேர்ந்து வரும். 63 பேருக்குக் குறைந்தது மூன்று கழிவறை, அதில் இரண்டு பெண்களுக்கு, உள்பக்கத் தாழ்ப்பாளோடும் விளக்கோடும். குடிக்க, சமைக்க, கழுவ ஆளுக்கு 15 லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர்.

மண்டபத்தைத் தேர்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் வார்டுக்கும் மண்டபத்துக்கும் நடுவே பள்ளமோ தரைப்பாலமோ இருக்கிறதா? இருந்தால் தேவைப்படும் நேரத்தில் போக முடியாது. இப்போதே வீடு வீடாக ஒரு பட்டியல் எடுங்கள், பிரசவ தேதி, டயாலிசிஸ் நாள், படுத்த படுக்கையாக இருப்பவர், சக்கர நாற்காலி, தனியாக இருக்கும் பாட்டி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யார் வண்டியில் யார் கூட்டி வருவார் என்று எழுதுங்கள். பெயர் எழுதாத பொறுப்பை யாரும் எடுக்க மாட்டார்கள். மைக் வைத்துச் சொல்லும்போது "பாதுகாப்பாக இருங்கள்" என்று சொல்லாதீர்கள். "ஆற்றுத் தெரு, நான்காம் சந்து, 6 மணிக்குள் மண்டபத்துக்கு" என்று தெருப் பெயரும் நேரமும் இடமும் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் பாம்பு கடித்தால்?
*- வாசகர், வெள்ளக்கோயில்*

கடிவாயை வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடித்த இடத்தை அசைக்காமல் சிம்பு வைத்து 108-ல் அரசு மருத்துவமனைக்கு. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. வீடு திரும்பும் முதல் நாள் பகலில் போங்கள், சுருட்டிய பாய், சாக்கு, தறிக்குழி எதிலும் கழியால் தட்டிய பிறகே கை வைக்கவும்.

மஞ்சள் காட்டில் தண்ணீர் நிற்கிறது. நிவாரணம் கேட்க என்ன செய்ய வேண்டும்?
*- வாசகர், ஊஞ்சலூர்*

முதலில் வடிகால். மஞ்சள் நிற்கும் தண்ணீரைத் தாங்காது, கிழங்கு அழுகல் பிடித்துவிடும். தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டி, பாருக்கு, அதாவது மஞ்சள் நட்ட மேட்டு வரிசைக்கு, நடுவே தண்ணீர் ஓட வழி விடுங்கள். வெட்டுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள், தண்ணீர் நிற்கும் காடும் பக்கத்து அடையாளமும் ஒரே படத்தில் வர வேண்டும். அரசு நிவாரணத்துக்குச் சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும், வி.ஏ.ஓ. கணக்கில் பயிர் அடங்கலில் மஞ்சள் என்றே ஏறியிருக்க வேண்டும். போன போகத்துச் சோளம் அப்படியே கிடந்தால் மனு நிற்காது. பயிர்க் காப்பீடு செய்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும், 14447-ல் சொல்லலாம். சொன்னதும் ஒரு பதிவு எண் தருவார்கள், அதை எழுதிக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள்.